அம்மாவின் பயத்தில் என் பங்கு

1

போன சனிக்கிழமையோடு அம்மா மொன்ட்ரியாலுக்கு வந்து இரண்டு வருடம் முடிந்தது. அந்தத் திகதியை நினைவில் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். அன்றைக்கு பஸ்ஸில் எனக்கு ஒரு சின்ன விஷயம் நடந்தது. ஊரில் இருக்கும் உங்களுக்கு அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இரண்டு வருடமாக நான் பட்ட எரிச்சலைச் சொல்லாமல் அதைச் சொன்னால் உங்களுக்கு அது ஒன்றுமே இல்லாத விஷயமாகத் தெரியும்.

எரிச்சல் என்று நான் சொல்வது கோபத்தை அல்ல. எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். புத்தகத் தமிழில் பொறாமை.

விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு திறந்தபோது, அம்மா ஒரு கையால் பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மற்றக் கை தம்பி துசியின் சட்டை நுனியைப் பிடித்திருந்தது. துசி என்னைவிட ஏழு வயது இளையவன். அன்றைக்கு அவனுக்கு இருபத்துநான்கு வயது, நல்ல மீசை. நான் கல்யாணம் முடித்து இங்கே வந்தபின் அம்மாவை நேரில் பார்க்கவே இல்லை. ஓடிப்போய் முன்னால் நின்றேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பெரியவன், தம்பிக்கு பிளேனுக்குள்ள ஒரே சத்தி, வயித்துக்கை ஒண்டும் நிக்கேல்லை. சூடா ஏதும் வாங்கிக் குடு."

இதுதான் அம்மா கனடா மண்ணில் என்னிடம் பேசிய முதல் வசனம். நான் போய்த் தேத்தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதன்பிறகு நாங்கள் எல்லோரும் நகரத்தின் லாசால் பகுதியில் ஒரே அடுக்குமாடி வீட்டில் இருந்தோம். நான், மனைவி கௌசி, மூன்று வயது மகள் ஆரணி, அம்மா, துசி. துசிக்கு டோர்வல் விமான நிலையத்தில், விமானங்களுக்குப் பொதி ஏற்றுகிற வேலை கிடைத்தது. வேலை முடிகிற நேரம் வந்தால் அம்மா குசினி ஜன்னலடியில் நின்று அவனுக்குப் போன் எடுப்பார்.

"எங்க நிக்கிறாய் தம்பி?"

பாதி நாள் அவன் எடுக்க மாட்டான். எடுத்தாலும் "வாறன், வாறன்" என்று வைத்துவிடுவான். எடுக்காவிட்டால் அம்மா என் பக்கம் திரும்புவார். "பெரியவன், நீ ஒருக்கா எடுத்துப் பாரன். உன்ரை எண்டா எடுப்பான்."

நானும் அதே பனியில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். பெட்டி செய்கிற ஒரு தொழிற்சாலையில் சரக்கு இருப்பைப் பார்க்கிற வேலை. ஒருநாள் உறைமழை பெய்து தெருவெல்லாம் கண்ணாடியாகிவிட்டது. பஸ் தரிப்பிடத்தில் வழுக்கி விழுந்து உள்ளங்கை தேய்ந்து, இரத்தத்தோடு, நன்றாகப் பிந்தி வீடு வந்தேன். கதவைத் திறந்த அம்மா என் தோளுக்கு மேலால் தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தார்.

"வந்திட்டியே? தம்பி இன்னும் வரேல்லை."

குளியலறையில் கையைக் கழுவும்போது எனக்கு உள்ளங்கை எரியவில்லை. வேறு எங்கோ எரிந்தது.

2

சனிக்கிழமை காலைகளில் நூலகத்தில் பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறேன். இந்த நகரத்தில் ஆங்கிலத்தை வைத்து வாழலாம், ஆனால் உயரமுடியாது. மகள் கார்டெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் படித்துக்கொண்டு வருகிற பிரெஞ்சு என்னுடையதைவிடத் திருத்தமானது. நான் பிழையாகச் சொன்னால், "இல்லை அப்பா" என்று தலையைச் சாய்த்து, தன் ஆசிரியையைப்போலவே திருத்துவாள். தமிழில் ஏதாவது கேட்டால் பிரெஞ்சில்தான் பதில் வரும். அம்மா அவளுடைய கன்னத்தில் காலையில் கறுப்புப் பொட்டு வைத்து அனுப்புவார். பின்னேரம் அது இராது. கார்டெரியில் ஊத்தை என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்துவிடுவார்கள். அடுத்த நாள் அம்மா இன்னும் பெரிதாக வைப்பார்.

வகுப்பில் மேடம் ஒடெத் எங்களுக்கு ஒரு நாவல் கொடுத்தார். ஸ்காண்டிநேவியப் பக்கத்தில் எழுதப்பட்டு பிரெஞ்சில் வந்த மர்மக் கதை. "பயந்தால்தான் நீங்கள் பக்கம் புரட்டுவீர்கள்" என்றார்.

கதை இதுதான். அந்த நாட்டில் கைக்குழந்தைகளைக் குளிரில், தள்ளுவண்டியில் வைத்து, வீட்டுக்கும் கடைக்கும் வெளியே தூங்க விடுவது வழக்கம். நல்ல காற்றாம். தாய்மார் உள்ளே கோப்பி குடிப்பார்கள், வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கும். ஒருநாள் ஒரு தாய் கோப்பி குடித்துவிட்டு வெளியே வருகிறாள். குழந்தை சுகமாகத் தூங்குகிறது. ஆனால் வண்டி, விட்ட இடத்திலிருந்து இரண்டடி நகர்ந்து நிற்கிறது. வேறொன்றுமே நடக்கவில்லை. வண்டி நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த இரண்டடியில் அவளுடைய வாழ்க்கை கவிழ்கிறது. பூட்டு மாற்றுகிறாள். வீடு மாறுகிறாள். ஊர் மாறுகிறாள். வண்டிச் சக்கரங்களைச் சுற்றிச் சோக்கட்டியால் கோடு போடுகிறாள். திரும்பி வந்து பார்த்தால் சக்கரம் கோட்டைத் தாண்டி நிற்கும். யாரோ ஒருவன் வருகிறானா, அல்லது எல்லாம் அவளுடைய மனப்பிராந்தியா என்பதுதான் கதை.

பாதி வாசித்தபோது மேடம், "யார் வண்டியை நகர்த்துவது? ஊகித்துச் சொல்லுங்கள்" என்றார். அல்ஜீரியாக்காரர் கரீம், ஓடிப்போன கணவன் என்றார். ஒருவர், அயலில் இருக்கும் கிழவன் என்றார். வேறொருவர், யாரும் இல்லை, அந்தப் பெண்ணுக்கு வைத்தியர் தேவை என்றார்.

"மூத்த மகள்" என்றேன் நான்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கதையில் அப்படி ஒருத்தி இருப்பதையே பலர் கவனித்திருக்கவில்லை. பதினொரு வயதுப் பிள்ளை. தாய் அவளைக் கதவடியில் காவலுக்கு நிறுத்துவாள். பொலிஸ்காரர் வந்தால் அவள்தான் பதில் சொல்வாள். இருட்டுக் காட்டு வழியால் தனியாகப் போய் ரொட்டி வாங்கி வருவாள். குழந்தைக்காகப் பக்கம் பக்கமாக நடுங்குகிற அந்தத் தாய், காட்டுக்குள் போன பிள்ளையைப் பற்றி ஒரு வரிகூட யோசிக்கவில்லை.

"ஏன் அவள் அப்படிச் செய்யவேண்டும்?" என்று மேடம் கேட்டார்.

"பொறாமை."

"குழந்தையின் மேலா?"

"குழந்தையின் மேல் இல்லை. பயத்தின் மேல்."

மேடம் ஒடெத் நான் சொல் தவறி விட்டேன் என்று நினைத்து, மெதுவாக, "அன்பின் மேல் என்று சொல்ல வந்தீர்களா?" என்று உதவி செய்தார்.

"இல்லை மேடம். பயத்தின் மேல்தான்."

கரீம் மேசைக்குக் கீழால் என் காலைத் தட்டி, "தம்பி, உனக்கும் வைத்தியர் தேவை" என்றார். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

3

எங்கள் குடும்பத்தில் எழுத்தறிந்த முதல் ஆள் நான். அம்மா பள்ளிக்கூட வாசலை மிதித்தது என் பெயரைப் பதிவதற்காக. அப்பா கடலோடு போனபின், வீட்டுக்கு வந்த கடதாசியெல்லாம் என் கைக்கு வந்தது. நிவாரண அட்டை, கிராமசேவகர் துண்டு, ஆஸ்பத்திரிச் சிட்டை. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் பெரியவன் ஆகிவிட்டேன். அப்போது எனக்கு எட்டு வயது.

பிறகு சுற்றிவளைப்புகளும் ஊரடங்குகளும் நிறைந்த காலம் வந்தது. தெருவில் வாகனச் சத்தம் கேட்டால் அம்மா துசியை இழுத்துத் தன் மடிக்குள் அமுக்கிக்கொண்டு அறை மூலைக்குள் இருப்பார். அவனுடைய வாயைப் பொத்தியிருப்பார். என்னைப் பார்த்து, "பெரியவன், நீ போய் என்னெண்டு பாத்திட்டு வா" என்பார். நான் வேலிப் படலையடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன்.

ஊரில் யாரையோ பிடித்துக்கொண்டு போனதாகக் கதை வந்தால் அன்று துசிக்குப் பள்ளிக்கூடம் இல்லை. கதை வராத கிழமை இல்லை. எனக்கு ஒருநாளும் பள்ளிக்கூடம் நிற்கவில்லை. சோதனைச் சாவடியில் சைக்கிளை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, தலையைக் குனிந்துகொண்டு நடந்து கடந்து, மறுபக்கம் ஏறிப் போவேன். அம்மா சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் தரும்போது சொல்வது ஒன்றுதான். "நீ படிக்கிற பிள்ளை. உன்னை ஒருத்தரும் ஒண்டும் செய்யாயினம்."

அப்போது அது எனக்குப் பெருமையாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன். சாவடியில் வரிசையில் நிற்கிற நேரம் மட்டும், மடிக்குள் அமுங்கியிருக்கிற தம்பியின் நினைவு வரும். வாயைப் பொத்துகிற அந்தக் கைக்கு மீனும் மஞ்சளும் கலந்த மணம். அந்த மணம் எனக்கும் தெரிந்ததுதான். கடைசியாக எப்போது அவ்வளவு கிட்டத்தில் மணந்தேன் என்பதுதான் நினைவில்லை.

இங்கே அவர்களைக் கூப்பிடுவதற்கு விண்ணப்பம் நிரப்பியவனும் நான்தான். அதில் துசி, தாயில் தங்கியிருக்கும் பிள்ளை. நான், பொறுப்பேற்பவர். அரசாங்கத்துக்கும் அம்மாவுக்கும் எங்களைப் பற்றி ஒரே அபிப்பிராயம்.

4

கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிறு, எல்லோரும் புட்டு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது துசி சொன்னான். "ரொறொன்ரோவில ஒரு லொறிக் கொம்பனியில வேலை சரிவந்திட்டுது. மாசியில போறன்."

அவன் ஆறு மாதமாக எங்களுக்குச் சொல்லாமல் பெரிய லொறி ஓட்டப் பழகியிருக்கிறான். அம்மாவின் கை புட்டுக்குள் நின்றுவிட்டது.

"லொறியோ? பனியுக்கையோ?"

"லொறிக்கும் வீல் இருக்குத்தானே அம்மா."

"பகிடி விடாதை. அங்க உனக்கு ஆர் இருக்கினம்? ஆர் சமைச்சுத் தாறது?" அம்மா கையைக் கழுவவும் போகாமல் இருந்தார். பிறகு தீர்மானமாகச் சொன்னார். "நானும் வாறன்."

நான் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். அம்மாவுக்கு இங்கே வைத்தியர் இருக்கிறார், அங்கே எல்லாம் புதிதாகத் தேடவேண்டும். கோவில் கிட்ட இருக்கிறது. ஆரணி பழகிவிட்டாள். ஒன்றும் எடுபடவில்லை. கடைசியில் என்னை மீறி வாயில் வந்துவிட்டது.

"அப்ப எனக்கு ஆர் இருக்கினம்?"

அம்மா உண்மையாகவே விளங்காமல் என்னைப் பார்த்தார். "உனக்கென்ன குறை? நீ பெரியவன்."

சாமான் கழுவும்போது கௌசி என் முதுகில் ஈரக்கையால் ஒன்று போட்டாள். "உங்களுக்கு முப்பத்துமூண்டு வயசு. ஆரணி என்ர பொம்மையைத் தா எண்டு அழுற மாதிரி இருந்தது."

"அவ போகட்டும். நான் மறிக்கேல்லை."

"மறிக்கேல்லை. முகத்தைத்தான் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்கிறியள்."

அடுத்த கிழமை, அம்மா கோவிலுக்குப் போயிருந்த நேரம், துசியை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனேன். காரில் நானாகப் பேச்சை எடுக்கவில்லை. அவன்தான் எடுத்தான்.

"அண்ணை, நான் அம்மாவைக் கூப்பிடேல்லை. தனியப் போகத்தான் நினைச்சனான்."

"ஏன், உனக்குத்தான் அவ உயிர்."

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு அல்ல. "உயிர்தான். கழுத்தைப் பிடிச்ச உயிர். அண்ணை, நீங்கள் சைக்கிளில பள்ளிக்கூடம் போகேக்கை நான் ஜன்னலுக்குள்ளால பாத்துக்கொண்டு நிப்பன். எனக்கு என்ன எரிச்சல் தெரியுமே உங்களில? உங்களை நம்பி அனுப்பினவ. என்னை ஒருநாளும் நம்பேல்லை. இண்டைக்கும் நம்பேல்லை. நான் எட்டாம் வகுப்போட நிண்டனே, படிப்பு ஏறாத மொக்கனெண்டே?"

வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. இந்த வீட்டு எரிச்சலுக்கு நான் ஒருவன்தான் சொந்தக்காரன் என்று இதுவரை நினைத்திருந்தேன். அவனுடைய போன் அடித்தது. திரையில் அம்மா. அவன் எடுக்காமல் மடியில் கவிழ்த்து வைத்தான். சத்தம் அடங்கியது. எனக்குத் தெரியும், இன்னும் கொஞ்ச நேரத்தில் என்னுடையது அடிக்கும், அதுவும் அவனைக் கேட்டு.

அடித்தது.

"இங்கதான் அம்மா, என்னோடதான் இருக்கிறான்" என்றேன்.

அவன் சொன்னதெல்லாம் நியாயம். ஆனாலும் பொறாமை நியாயத்தைக் கேட்டுப் போகிற பண்டம் இல்லை. அவன் இறங்கிப் போனபின்னும் அது என் பக்கத்து இருக்கையில் இருந்தது.

5

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. துசி வேலையில். கௌசி ஆரணியைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். எங்கள் கட்டடத்தில் உடுப்புத் தோய்க்கிற இயந்திரங்கள் நிலக்கீழ் அறையில் இருக்கின்றன. நான் உடுப்பைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து நாவலின் கடைசிப் பகுதியை வாசித்துக்கொண்டிருந்தேன்.

நான் ஊகித்தது சரி. வண்டியை நகர்த்தியது மூத்த மகள்தான். ஏன் என்பதையும் அந்தப் பிள்ளையே சொல்கிறாள். வண்டி நகர்ந்தால் அம்மா அலறிக்கொண்டு ஓடி வருவாள். ஓடி வந்தால் பிள்ளைகளைக் கட்டிப் பிடிப்பாள். அந்த நேரம் பக்கத்தில் நிற்பவளையும் சேர்த்துத்தான் பிடிப்பாள். அந்த ஒரு அணைப்புக்காக இரண்டடி.

அந்த வரியில் நிற்கும்போதுதான் அபாயமணி அடித்தது.

மேலே என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. துசி போகப்போகிறான், டோர்வலில் நாலு பேர் பெருமூச்சு விட்டிருப்பார்கள், கண் பட்டிருக்கும் என்று அம்மா நாவூறு கழிக்க நினைத்திருக்கிறார். ஆள் வேலையில். அதனால் அவனுடைய பழைய ஜாக்கெட்டைக் கதிரையில் விரித்து, உப்பும் செத்தல் மிளகாயும் கையில் பொத்திச் சுற்றி, மின்னடுப்பில் ஒரு பழஞ்சட்டியை வைத்துக் கொட்டியிருக்கிறார். மாரிக் குளிருக்கு இங்கே ஜன்னல்களை நாடா ஒட்டி அடைத்திருப்போம். புகை சுற்றிச் சுற்றி வீட்டுக்குள்ளேயே நிற்க, வீட்டுக்குள் இருந்த சின்ன மணி கத்தத் தொடங்கியது. அம்மா ஊரில் செய்வதைப்போல வாசல்கதவை ஆவென்று திறந்துவிட்டார். புகை தாழ்வாரத்துக்கு வந்தது. தாழ்வாரத்து மணி முழுக் கட்டடத்துக்குமான மணி.

நான் நிலக்கீழ் அறையின் பின்கதவால் வெளியே வந்துவிட்டேன். மெல்லிய பெனியன், காலில் வீட்டுச் செருப்பு, கையில் நாவல். சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தால், மூன்று மாடிச் சனமும் பனிக்குள் நின்று இருமிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் மாடியில் இருக்கிற ஹெய்ட்டிக்கார அம்மா தும்மித் தும்மிக் கண்ணைத் துடைத்தார். எனக்கு மூக்கில் ஏறியதுமே விளங்கிவிட்டது. அந்த நெடி உலகத்தில் வேறு எதற்கும் வராது.

அம்மாவைத் தேடினேன். கூட்டத்தில் இல்லை.

தீயணைப்பு வண்டி வந்து நின்றது. முன்வாசல் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், படிக்கட்டின் அடியில், அம்மா நின்றார். சேலைத் தலைப்பு விழுந்து கிடந்தது. உயரமான ஒரு தீயணைப்பு வீரர் அவரை வெளியே கூட்டிவர முயன்றார். அம்மா கைப்பிடியை விடவில்லை. கதவு திறந்திருந்ததால் குரல் கேட்டது.

"என்ர பெரியவன் உள்ளுக்கை நிக்கிறான்! விடுங்கோ என்னை! கீழ போனவன், காணேல்லை! நான் ஒவ்வொரு கதவாத் தட்டிப் பாத்திட்டன், காணேல்லை! என்ர பிள்ளை! விளங்குதே? பிள்ளை!"

அந்த வீரருக்கு எப்படித் தமிழ் விளங்கும்? ஆனால் பிள்ளையைக் காணாத தாயின் முகம் எந்த மொழியிலும் ஒன்றுதான். அவர் குனிந்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பிரெஞ்சில் கேட்டார். பிள்ளையா? என்ன வயது? கையால் கொஞ்சம் உயரமாகவும் கொஞ்சம் பதிவாகவும் காட்டினார்.

அம்மாவுக்கு அந்தக் கை விளங்கியது. தன் உள்ளங்கையைக் கவிழ்த்து, இடுப்பளவில் பிடித்துக் காட்டினார்.

இவ்வளவு உயரம்.

"பெரியவன்" என்று வாய் சொன்னது. கை இடுப்பளவிலேயே நின்றது.

வீரர் தன் தோளில் இருந்த கருவிக்குள் எதையோ வேகமாகச் சொன்னார். கட்டடத்துக்குள் சின்னப் பிள்ளை ஒன்று இருக்கிறது என்றார். வண்டியில் இருந்து இன்னும் இருவர் குதித்து, முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே ஓட வந்தார்கள்.

நான் ஒரு கணம் அசையாமல் நின்றேன். செருப்புக்குள் பனி போய்க் கால் விறைத்திருந்தது. இந்த முப்பத்துமூன்று வயதில், எனக்காக அம்மா வாய்விட்டுக் கத்துவதை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. இன்னும் கொஞ்சம் பார்க்கவேண்டும் போல இருந்தது. அந்த நாவலில் வண்டியை நகர்த்திய பிள்ளை, கதவுக்குப் பின்னால் நின்று தாயின் அலறலைக் கேட்டிருப்பாளே, அவளை நினைத்தேன்.

பிறகு ஓடிப்போய்க் கதவுக்கு நடுவில் நின்று, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்.

"நில்லுங்கள். அந்தப் பிள்ளை நான்தான்."

முன்னால் வந்த வீரர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். தாடி. தொந்தி. கையில் புத்தகம். அம்மாவின் கை இன்னும் இடுப்பளவில் நின்றது. அவர் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நன்றாக வளர்ந்துவிட்டீர்கள் ஐயா" என்றார்.

அம்மா என்னைக் கட்டிப் பிடிக்கவில்லை. பிடரியில் ஒன்று போட்டார். "எங்கையடா போனனி? எங்கை போனனி?" இன்னொன்று போட்டார். பிறகு சேலைத் தலைப்பால் என் தலையில் இருந்த பனியைத் துடைத்தார். துடைத்த கை வாயடியில் வந்தபோது மணந்தது. மஞ்சள், உப்பு, கருகின மிளகாய்.

புகை அடங்கியபின், வீரர் ஒருவர் கருகின சட்டியைத் தூக்கிவந்து, இது என்ன சமையல் என்று கேட்டார். பொறாமைக் கண்ணை எரிக்கிற வழக்கம் என்று விளக்கினேன். அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நன்றாக எரிந்திருக்கிறது என்றார். அடுத்த முறை வெளியே செய்யச் சொல்லுங்கள் என்றும் சொன்னார்.

மேலே போனதும் அம்மா ஒன்றும் நடவாதது போல ஜாக்கெட்டை மடித்தார். "உவ்வளவு நெடி வந்தது, பாத்தியே? ஊர்ச்சனமெல்லாம் இருமிச்சுது. அப்பத் தம்பிக்குக் கண்ணூறு ஒண்டும் இல்லை."

கண் பட்டிருந்தால் மிளகாய் நெடிக்காது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இரண்டு வருடமாக அவனை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவன் யார் என்பதும் இப்போது உங்களுக்குத் தெரியும். அந்தக் கண் அவனை ஒன்றும் செய்யவில்லை. எனக்கு நெஞ்சு இலேசானது.

"அம்மா, எத்தினை வயசுப் பிள்ளையைத் தேடினனீங்கள்?" என்று கேட்டேன்.

"பேக்கதை கதையாதை. போய் ஒரு சுவெற்றரைப் போடு."

6

அம்மா போய்விட்டார். நீங்கள் வேறு முடிவை எதிர்பார்த்திருக்கலாம். நானும் எதிர்பார்த்தேன். தைப்பூசம் கழிந்து துசி பொதிகளைக் காரில் அடுக்கியபோது, "இப்பவும் போறியளோ?" என்று கேட்டேன்.

"ஓம். அவனுக்கு முட்டை பொரிக்கவும் தெரியாது." காரில் ஏறி, கதவை மூடப்போனவர் மூடாமல் இருந்தார். "உனக்கு எல்லாம் தெரியுமெண்டு இருந்திட்டன்" என்றார். வேறு யாருக்கோ சொல்வதுபோல, முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். துசி ஹோர்ன் அடித்தான். கதவு மூடிக்கொண்டது.

கௌசி ஜன்னலில் ஒட்டிய நாடாவை இன்னும் கழற்றவில்லை. ஆரணியின் கன்னத்தில் பொட்டு வைக்க ஆளில்லை. ஒருநாள் அவளே கண்ணாடி முன்னால் நின்று, கௌசியின் மைப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுக்கொண்டு வந்து, பிரெஞ்சில், "அப்பம்மா போட்டதைப்போல இருக்கிறதா?" என்று கேட்டாள். நான் தமிழில் "ஓம்" என்றேன்.

நாவலின் கடைசிப் பக்கத்தையும் வாசித்தேன். தாய்க்கு எல்லாம் தெரியவருகிறது. அடுத்த நாள் மூத்த மகள் காட்டு வழியால் ரொட்டி வாங்கப் புறப்படும்போது, தாய் வாசலில் முழந்தாளிட்டு, அவளுடைய சப்பாத்துகளைச் சுற்றிச் சோக்கட்டியால் கோடு போடுகிறாள். அவ்வளவுதான் முடிவு. கரீமுக்கு அது பிடிக்கவில்லை. "யாரையும் பிடிக்கவுமில்லை, கொல்லவுமில்லை, இது என்ன மர்மக் கதை?" என்றார்.

போன சனிக்கிழமை, அம்மா வந்து இரண்டு வருடமான அன்று, வகுப்புக்குப் போக பஸ்ஸில் ஏறினேன். காலையிலிருந்து பொடிப் பனி. வழியில் ஏதோ விபத்து, பஸ் நின்றுவிட்டது. வகுப்பு தொடங்குகிற நேரமும் தாண்டிவிட்டது. ஜன்னலில் ஊதி, விரலால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

போன் அடித்தது. திரையில் அம்மா.

துசி லொறியோடு எங்கேயோ நிற்கிறான், எடுக்கவில்லை, என்னைக் கேட்கப்போகிறார் என்றுதான் எடுத்தேன்.

"தம்பி எடுக்கேல்லையே அம்மா?"

"அவன் இஞ்ச படுத்திருக்கிறான். இண்டைக்கு லீவு." ரொறொன்ரோவில் ரீவி சத்தம் கேட்டது. "அங்க சரியான பனியெண்டு காட்டுறாங்கள். எங்க நிக்கிறாய்?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "பஸ்ஸுக்குள்ள. வகுப்புக்குப் போறன்."

"பஸ் ஓடுதே?"

"நிக்குது."

"ஏன் நிக்குது? என்ன நடந்தது? பெரியவன், என்ன நடந்தது?"

அந்த நேரம் பஸ் நகரத் தொடங்கி, சுரங்கத்துக்குள் இறங்கியது. இணைப்பு அறுந்துவிட்டது. மறுபக்கம் வெளியே வந்ததும் போன் திரும்ப அடித்தது. நான் எடுக்கவில்லை. துசி அன்றைக்குக் காரில் செய்ததைப்போல, அதை மடியில் வைத்தேன். ஆனால் கவிழ்க்கவில்லை. திரையில் அம்மாவின் முகம் தெரியும்படி நிமிர்த்தியே வைத்தேன். முன் இருக்கையில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்கும் பாவனையில் சிரித்தேன்.

சத்தம் ஓய்ந்தது. ஒரு கணம் பயந்துபோனேன், இனி அழைக்கமாட்டாரோ என்று.

திரும்பவும் அடித்தது.